இரண்டு விரற்கடை

மோந்தேவிதேயோவில் ஜூலை மழை
பக்கவாட்டில் பெய்யும். குடை வீண்.
நனைந்துதான் மருத்துவமனைக்குள் நுழைந்தேன்,
மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசிய
சைகைமொழி பெயர்ப்பாளன்.

நான்காம் தளம், ஜன்னலோரக் கட்டில்.
நேலிதா எச்செவெரி, அறுபத்தொன்று,
பிறவியிலேயே காது கேளாதவள்,
துறைமுக மீன்கிடங்கில் கணக்கெழுதுபவள்.
ஞாயிறு காலை, பல் துலக்கும் நேரத்தில்
சிறுமூளையின் வலப்பாதியில்
ஒரு நாளம் அடைத்துக்கொண்டது.

"பேச்சு குழறுகிறதா?"
டாக்டர் ஸபாலாவின் படிவத்தில்
அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.
வாய் திறந்து ஒரு சொல்லும் பேசியிராதவள்.
அவள் கைகளைப் பார்த்தேன்.
குழறுகிறது என்றேன்.

பிறகு டாக்டர் தன் மூக்கைத் தொட்டு
விரலை அவள் முன்னால் நீட்டினார்.
என் பெற்றோர் கற்றுத்தந்த மொழியில் அது
'பொய்' என்ற சொல்லின் முதற்பாதி.
யார் சொன்னது பொய், என்று கேட்டாள் நேலிதா,
இடக்கையால், சுளித்த முகத்தோடு.
சோதனைதான், மூக்கைத் தொடுங்கள், என்றேன்.

மடியில் கிடந்தவரை
வலக்கை கல்லாய்க் கிடந்தது.
புறப்பட்ட பிறகே நடுக்கம்.
முதலில் தோள், அப்புறம் முழங்கை,
அதற்கும் அப்புறம் மணிக்கட்டு,
ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய சொல்லை
எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல.
நடுக்கடலில் நேராய் வந்து
கரை தெரிந்ததும் தத்தளிக்கும் படகு.
மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் இடித்தது.

கணவன் வாஷிங்டன் பெந்தான்கூர்
(இங்கே தாத்தாக்களுக்கு அப்படித்தான் பெயர்)
தெர்மோஸை அக்குளில் இடுக்கியபடி
என் கைகளையே பார்த்தான். அவனுக்கும் காது கேளாது.
டாக்டர் சொல்லச் சொல்ல நான் சைகையில்:
வலு குறையவில்லை, பிடித்தால் என் விரல் நொறுங்கும்.
விருப்பமும் குறையவில்லை.
ஆணையிடுவது அதன் வேலை இல்லை.
கை போய்ச் சேருமுன்பே
எங்கே சேரும் என்று கணித்து
இங்கே நிறுத்து என்று சொல்வது. அதுதான் போயிற்று.

'நிறுத்து' என்ற சொல்லின் முடிவில்
என் உள்ளங்கை சரியான இடத்தில் நின்றது.
மயிரிழை தவறவில்லை.
யார் நிறுத்தியது?
பின்தலையைத் தடவிப் பார்த்தேன்,
பக்கத்து வீட்டுக்காரனின் பெயர் தெரியாதவன்போல.

மாத்தே கொடுத்தான் வாஷிங்டன்.
சுரைக்குடுவை, கசப்பு இலை, வெந்நீர், உலோகக் குழல்.
வலக்கையால்தான் வாங்குவேன் என்றாள்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே,
அது பழமொழியாய் இருந்தவரை சரி.
குழல் உதட்டைத் தப்பி மேலே குத்தியது,
போர்வையெல்லாம் பச்சைத் தண்ணீர்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இடக்கையாலேயே பேசலாமே, என்றேன் ஒருநாள்.
பேசலாம், என்றாள்,
அது என் குரல் இல்லை.

தினமும் பயிற்சி. துணிக்கிளிப்புகள், பொத்தான்கள்,
ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டைக்கடலை.
தரையில் விழுந்தவற்றை எண்ணி
படுக்கையோரத் தாளில் எழுதினாள், கணக்கெழுதுபவள் அல்லவா.
எழுத்து வரி தாண்டி மேசைக்குப் போயிற்று.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு. முப்பத்து நாலு.

வாஷிங்டனுக்குக் கிளப்பில் வைத்த பெயர்:
சுட்டுவிரலால் இடப்புருவத்தில் ஒரு தட்டு.
இருபது வயதில் தூண்டில் முள் கிழித்த இடம்.
அந்தப் பெயரை அவள்
நாற்பது வருடமாய்த் தப்பாமல் சொல்லியிருக்கிறாள்,
இருட்டில், சண்டையில், வாய் நிறைய ரொட்டியோடு.
இப்போது அது நெற்றியில் விழுந்தது,
ஒருமுறை காதில், ஒருமுறை காற்றில்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்.
அவன் ஜன்னல் பக்கம் நின்று
மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடியில் அவள் பிம்பம்.
அவள் விரல் மடியிலிருந்து எழுந்து
பாதி வழி வருவதற்குள்
அவன் திரும்பி, கட்டிலருகே வந்து,
என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டான்.

விரல் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது,
நடுங்கி நடுங்கி,
புருவத்துக்கு மேலே, இரண்டு விரற்கடை தள்ளி.

அவளுக்குக் கோபம் வந்தது.
அதே கையால், தாறுமாறாய், ஆனால் தெளிவாய்:
சொல்லி முடிக்க விடு.